சங்கிலி, சுருட்டு, எமதூதர் சாட்சி: மதுரைப் பக்கத்து மர்ம அனுபவங்கள்

மாசி வீதி வாசகர்:

கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் நாட்டார் தெய்வம், ஒரு ஆவி, நடுவில் ஒரு கொலை. இத்தனையையும் படித்துக்கொண்டே குலுங்கிச் சிரிக்கவும் வேண்டும். அப்படி ஒரு மர்ம நாவல் கையில் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மதுரையில் இருந்துகொண்டு எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமான பிறகு, அவருடைய பழைய புத்தகங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். 'விடாது கருப்பு' தொடர் ஓடியபோது போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் டிவி பார்த்த தலைமுறை நாங்கள். அவரிடம் பயம் தாராளமாகக் கிடைக்கும், சிரிப்பு அளந்துதான் கிடைக்கும் என்பது என் கட்சி. நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டும் ஒரே கரண்டியில் விழும்.

ஆகவே, அந்த மாதிரி நாவலில் அப்படியே தூக்கிப் போடலாம் என்கிற மாதிரி உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். கனவில் சாமி வந்து புதையல் காட்டியது எல்லாம் வேண்டாம். முதல் போணி நானே.

அக்கா பேரனைத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். 1636-ல் கட்டியது, தூணைக் கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் காதிலேயே வாங்கவில்லை. பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இந்த அரண்மனையில திருடன் வந்த கதை தெரியுமா?" என்றார். அவ்வளவுதான், பையன் அவர் பக்கம் போய்விட்டான்.

ராஜா படுக்கிற கட்டில் மேற்கூரையிலிருந்து சங்கிலியில் தொங்குமாம். திருடன் கூரையில் ஓட்டை போட்டு, அந்தச் சங்கிலியைப் பிடித்தே இறங்கி, நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஆள் அகப்படவில்லை. "நகையைத் திருப்பிக் கொடுப்பவனுக்குப் பரம்பரை மானியமாக நிலம்" என்று ராஜா அறிவித்தார். திருடன் நகையோடு வந்து நின்றான். ராஜா நிலத்தைக் கொடுத்தார். கையோடு தலையையும் வெட்டச் சொன்னார்.

பையன் யோசித்துவிட்டு, "அப்ப ராஜா சொன்ன சொல் மாறிட்டாரா?" என்றான். பெரியவர் அசரவில்லை. "எங்கே மாறினார்? மானியம் ஒரு உத்தரவு, தலை ஒரு உத்தரவு. ரெண்டும் வேற வேற ஃபைல்."

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கேட்காமலே தெரிந்தது.

அப்பன்திருப்பதி பேத்தி:

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதில் கொலை இல்லை. ஆனால் என் சித்தப்பா அன்றைக்குச் செத்துப் பிழைத்தார்.

அத்தை திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போகும்போது தன் இரட்டைவடச் சங்கிலியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்டால், "அக்கா, நீ என்கிட்ட குடுக்கவே இல்லையே" என்றார் சித்தப்பா. கொடுத்தபோது வேறு யாரும் கூட இல்லை. அப்பா பேசிப் பார்த்தார், பெரியப்பா திட்டிப் பார்த்தார். அத்தை அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "சரி தம்பி. நீ வாங்கலைன்னா வாங்கலை. நாளைக்குக் காலையில படியில வந்து சூடத்தை அணைச்சுச் சொல்லிடு" என்றார்.

எங்கள் பக்கத்தில் 'படி' என்றால் அழகர்கோயில் பதினெட்டாம்படிதான். சிலை கிடையாது. பெரிய கதவு, கதவு முழுக்கச் சந்தனம். அந்தக் கதவுதான் கருப்பு. மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் பெருமாளின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்கள், அகப்பட்டார்கள், ஆளுக்கொரு படியாகப் புதைக்கப்பட்டார்கள், அவர்களோடு வந்த கருப்பு அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார் என்பது கதை. திருட வந்த கூட்டத்தோடு வந்தவரையே காவலுக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் ரசிக்காமல் இருக்க முடியாது.

அத்தை, சித்தப்பா, துணைக்கு நான். தல்லாகுளத்தில் பஸ் ஏறியபோது சித்தப்பா கண்டக்டரிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றுமாவடி வந்ததும் பேச்சு நின்றது. கடச்சனேந்தலில், "ஏக்கா, ஒருவேளை நீ குடுத்து நான் மறந்திருப்பேனோ?" என்றார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்பன்திருப்பதியில் என் அம்மாச்சி வீடு. "இறங்கி ஒரு வாய் மோர் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல போவோம், பிள்ளை முகம் வாடிப்போச்சு" என்று என்னைக் காட்டினார் சித்தப்பா. என் முகம் நன்றாகத்தான் இருந்தது. அத்தை, "திரும்பி வரும்போது குடிப்போம்" என்றார். பொய்கைக்கரைப்பட்டி தாண்டும்போது குரல் இறங்கிவிட்டது. "சங்கிலி பத்திரமாத்தான் இருக்கு. வீட்டுலதான் இல்ல."

அத்தை அதற்கும் பதில் சொல்லவில்லை. கோயில் வாசலில் இறங்கி, சூடம் வாங்கி, கதவுக்கு முன்னால் வைத்துப் பற்ற வைத்தார். சித்தப்பா அணைக்கக் கை நீட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார், அதற்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். அடகுக்கடை ரசீது! காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனுஷன்.

இனிமேல்தான் விஷயமே. திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா சொன்னார்: "படிகிட்ட வெள்ளை வேட்டி கட்டின நெட்டையான ஆள் ஒருத்தர் வந்து, 'ரசீது கொண்டாந்தியா'ன்னு கேட்டாரே, அவரு யாருக்கா?" அத்தையும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ரசீது என்று ஒன்று இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. அத்தை மட்டும் நம்பவில்லை. "கருப்பா இருந்தா வட்டி எவ்வளவுன்னும் சேர்த்துக் கேட்டிருக்கும்" என்றார். சொன்னபடி அப்பன்திருப்பதியில் இறங்கி மோர் குடித்தோம். சித்தப்பா இரண்டு டம்ளர்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது, அவர் போட்டுப்போகிற நகைப் பட்டியலை இதே கருப்பு முன்னால்தான் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் சரிபார்ப்பார்கள். பெருமாளுக்கே கணக்கு உண்டு, எங்கள் சித்தப்பா எம்மாத்திரம்.

காளவாசல்காரன்:

மேலே அந்த அத்தைக்கு ஒரு கும்பிடு.

எங்கள் பக்கம் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசல் இருக்கிறது. யூசுப் கான், மருதநாயகம் என்றால் எல்லாருக்கும் தெரியும். முதலில் கும்பினிக்காரர்களின் தளபதி, அப்புறம் மதுரையை ஆண்டவர், அதற்கும் அப்புறம் அவர்களையே எதிர்த்துக் கோட்டைக்குள் இருந்து சண்டை போட்டவர். வெளியே இருந்தவர்களால் பிடிக்க முடியவில்லை. கூட இருந்தவர்களே தொழுகை நேரத்தில் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. முதல் இரண்டு முறை உயிர் போகவில்லை, மூன்றாவது முறைதான் போனது என்பார்கள். அந்தப் பயத்தில் உடம்பைத் துண்டு போட்டு, தலையைத் திருச்சிக்கும் கைகால்களைத் தஞ்சாவூர், பாளையங்கோட்டை, திருவிதாங்கூர் என்றும் அனுப்பினார்கள் என்பது கதை. சொல்பவரைப் பொறுத்து ஊர்ப் பட்டியல் மாறும். மிச்ச உடம்பு இங்கே. அதன் மேல்தான் 1808-ல் பள்ளிவாசல் எழுந்தது.

சென்னையிலிருந்து வந்த ஒருவர், எங்கள் தெருமுனை ஆட்டோ அண்ணனிடம், "மருதநாயகத்தைப் புதைச்ச இடம் எங்கே இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எந்தப் பார்ட் சார் வேணும்? உடம்புன்னா நூறு ரூபாய். தலைன்னா பஸ் ஏறணும்."

அந்த வெளியூர்க்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அண்ணனோ பள்ளிவாசல் தெரிந்ததும் வண்டியை மெதுவாக்கி, கையை நெஞ்சில் வைத்து எடுத்துவிட்டுத்தான் காசு வாங்கினார். கிண்டலும் மரியாதையும் ஒரே சவாரியில். கிண்டல் மட்டும் தெரிந்தவன் இந்த மாதிரி நாவல் எழுத உட்காரக் கூடாது என்பேன்.

ரிங்ரோடு டிரைவர்:

நமக்கு எழுத வராது, சுருக்கமாகச் சொல்கிறேன். வேன் ஓட்டுகிறேன். ஒரு ராத்திரி மேலமடை பாண்டி கோயில் கிட்டே வண்டி நின்றுவிட்டது. உள்ளே வெளியூர்ப் பார்ட்டி. "முனியாவது கினியாவது" என்று அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்கள். நான் இறங்கிப் போய்ச் சாமிக்கு ஒரு சுருட்டு வைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அவர்கள் சுருட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். போகிற வழியில் லூசாகக் கிடந்த பேட்டரி டெர்மினலை முறுக்கிவிட்டுத்தான் போனேன் என்பதை நான் சொல்லவில்லை. சாமி வருமானத்தில் நான் ஏன் கை வைக்கணும்?

மாசி வீதி வாசகர்:

டிரைவர் அண்ணே, நீங்கள்தான் எழுத வராது என்கிறீர்கள். ஒரு அத்தியாயமே முடித்துவிட்டீர்கள். தியானத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிற அந்தச் சாமியைப் பார்த்துப் புத்தர் என்று சொல்பவர்களும் உண்டு, கோவலன் வழக்கில் தப்பாகத் தீர்ப்புச் சொன்ன பாண்டியனே மறுபடி பிறந்து உட்கார்ந்திருக்கிறான் என்பவர்களும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். தீர்ப்பைத் தப்பாகச் சொன்ன நீதிபதியிடம் சனம் வரிசையில் நின்று நியாயம் கேட்கிறது.

நாகமலை நடை:

வாரம் ஒருமுறை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போவேன். நம் ஊரைச் சுற்றி இருக்கிற மலையெல்லாம் ஒரு பழைய வழக்கின் தடயங்கள்தான். சமணர்கள் ஏவிய யானை, பாம்பு, பசு மூன்றும் கல்லாகி ஆனைமலை, நாகமலை, பசுமலை ஆனதாகச் சைவப் புராணம் சொல்லும். எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றியதாகவும் அதே பக்கம் சொல்லும். சைவருக்கும் சமணருக்கும் நடந்த வாதத்தில் ஜெயித்தவர்கள் எழுதிய எஃப்.ஐ.ஆர். அது, தோற்றவர்கள் பக்கத்து வாக்குமூலம் யாரிடமும் இல்லை. நல்ல நாவலாசிரியர் கை வைக்க வேண்டிய இடம் அந்தக் காலி இடம்தான்.

மலையில் செட்டிப்புடவு என்று ஒரு குகை. உள்ளே பாறையில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானி, சிற்பம். நீண்ட காதைப் பார்த்துவிட்டு ஊரார் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். ஒரு நாள் கூட வந்த நண்பன் குகைக்குள் நின்றுகொண்டு, சீட்டுப் பணம் கட்டாமல் இழுக்கும் மச்சானைப் பற்றி போனில் கத்திக்கொண்டிருந்தான். ஆடு மேய்க்கிற பாட்டி ஒருத்தி வெளியே இருந்து எட்டிப் பார்த்து, "மெதுவாப் பேசுய்யா, செட்டியாருக்குக் காது நீளம்" என்றார். நண்பன் சிரித்தான், போனை வைத்தான். மலை இறங்கி, அடிவாரத்து ஐயனார் கோயில் தாண்டி, தாமரைக் குளத்துப் படிக்கு வரும்வரை அவன் வாயைத் திறக்கவே இல்லை. குளத்தங்கரையில், "அந்தச் சீட்டுல நானும் ரெண்டு மாசம் கட்டலைடா" என்றான்.

திருப்பரங்குன்றம் வாத்தியார்:

எல்லாரும் சொந்த அனுபவம் எழுதிவிட்டீர்கள். நான் சொல்வது என் வீட்டுத் திண்ணையில் நடந்த விசாரணை.

கரண்ட் போன ஒரு ராத்திரி, பேத்திகளுக்குத் திருவிளையாடலில் வரும் 'பழி அஞ்சின படலம்' சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்புத்தூரிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் ஒரு அந்தணர், மனைவியை ஆலமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறார். என்றைக்கோ எய்து கிளையில் சிக்கியிருந்த அம்பு காற்றில் கழன்று விழுந்து அவள் இறந்துபோகிறாள். மரத்தின் அந்தப் பக்கம் வில்லோடு ஒரு வேடன் நிற்கிறான். வேறென்ன வேண்டும், அவனைப் பிடித்துக் குலோத்துங்க பாண்டியனிடம் கொண்டுபோகிறார்கள். வேடன் எப்படிக் கேட்டாலும் "நான் கொல்லவில்லை" என்கிறான். ராஜாவுக்குச் சந்தேகம். சொக்கநாதரிடம் முறையிட, இன்ன வணிகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தணரோடு மாறுவேடத்தில் போ என்று குரல் கேட்கிறது.

போய் உட்கார்ந்தால், பந்தலில் இரண்டு எமதூதர்கள் பேசிக்கொள்வது இவர்கள் காதில் விழுகிறது. "மாப்பிள்ளை உயிரை எடுக்கச் சொல்லிவிட்டார், நோய் நொடி ஒன்றும் இல்லையே, எதைச் சாக்கு வைப்பது?" என்கிறான் ஒருவன். "ஆலமரத்து அம்பைக் காற்றால் விழவைத்த மாதிரி, மேளச் சத்தத்தில் மாட்டைக் கயிறு அறுத்துக்கொண்டு ஓட வைத்தால் போச்சு" என்கிறான் மற்றவன். அப்படியே நடக்கிறது. மாப்பிள்ளை போய்ச் சேர்கிறான். வேடன் விடுதலை.

பக்கத்து வீட்டு ஏட்டையா, ஓய்வு பெற்றவர், இருட்டில் விசிறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சார், ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளை இருக்கு. அங்கே போய், எமதூதர்கள் பேசிக்கிட்டதை நான் கேட்டேன்னு சொன்னா, முதல்ல என்னை எங்கே அனுப்புவாங்க?" என்றார்.

ராஜாவே கேட்டாரே என்றேன்.

"அதுதான் சார் இன்னும் மோசம். மாப்பிள்ளை சாகப் போறான்னு ராஜாவுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த அய்யருக்கும் தெரியும். 'ஏம்ப்பா, அந்த மாட்டை நல்லாக் கட்டுங்க'ன்னு ரெண்டு பேருல ஒருத்தர் சொன்னாங்களா? சாட்சியம் வேணும்னு உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்காங்க."

இத்தனை வருஷம் வகுப்பில் சொன்ன கதை. ஒரு பையன்கூட இதைக் கேட்டதில்லை. சின்னப் பேத்தி, "அப்ப மாட்டை யாரும் அரெஸ்ட் பண்ணலையா?" என்றாள்.

ஏட்டையா விசிறியை நிறுத்திவிட்டு, "மாட்டை எதுக்கும்மா? நானா இருந்தா முதல்ல மேளக்காரங்களைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வருவேன்" என்றார்.