சஷ்டி விரதம் இருந்தா வயசு குறையுமா?

பூம்பாறைக்காரன்:
விரதம் முதுமையைத் தள்ளிப்போடும்னு நேத்து எழுதினேன். மூடநம்பிக்கைன்னு ஒரு பதில் வந்துச்சு. 11 வருஷமா ஐப்பசி சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். திருக்கல்யாணத்தன்னைக்கு மூச்சு வாங்காம மேட்டுக்காடு ஏறுறேன். பட்டினி போட்ட ஈஸ்ட் செல் தன் பழைய கழிவைத் தானே தின்னு எப்படிச் சுத்தமாகுதுன்னு ஆராய்ஞ்ச ஜப்பான்காரர் ஓசுமிக்கு 2016-ல நோபல் பரிசே கொடுத்தாங்க.

வில்பட்டி நர்ஸ்:
எழுதினது நான்தாண்ணே. அந்த வார்த்தை தப்பு, வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஈஸ்ட் வேற, மனுசன் வேற. அமெரிக்காவுல காலரி-ன்னு ஒரு சோதனை. சுமார் 220 பேர், 2 வருஷம். ஒரு பிரிவுக்குத் தினச் சாப்பாட்டுல கால்வாசியைக் குறைக்கச் சொன்னாங்க, முடிஞ்சது 12 சதவீதம்தான். ரத்தத்துல டிஎன்ஏ மேல ஒட்டியிருக்குற ரசாயனக் குறிகளைப் பார்த்து 2023-ல சொன்னது: மூப்போட வேகம் 2, 3 சதவீதம் குறைஞ்சிருக்கு. மூப்பை அளக்குற வேறு ரெண்டு அளவுகோல்ல மாற்றமே இல்ல. அதுவும் தினமும் கொஞ்சம் குறைச்சது, விரதம் இல்ல.

பூம்பாறைக்காரன்:
அப்ப 2024-ல வந்த, விரதத்தை ஆராயுற விஞ்ஞானி லாங்கோவோட ஆய்வு? மாசம் 5 நாள் பொட்டலத்துல வர்ற அரைச்சாப்பாடு, 3 சுற்று. உடம்போட வயசு இரண்டரை வருஷம் குறைஞ்சதுன்னு கணக்கு. நம்ம சஷ்டிக்கு இதைவிட நெருக்கமா என்ன வேணும்?

மேல்மலை விவசாயி:
சுகர் மாத்திரை போடுறவங்க இருக்கலாமா?

வில்பட்டி நர்ஸ்:
டாக்டரைக் கேக்காம வேண்டாங்க. கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்களுக்குச் சர்க்கரை சட்டுனு இறங்கிடும்.

அண்ணே, அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தை விக்கிற கம்பெனியைத் தொடங்குனதே லாங்கோதான். வந்த எண்ணும் ரத்தப் பரிசோதனையை வச்சுப் போட்ட கணக்கு, வாழ்ந்து காட்டுனது இல்ல. அதே வருஷம் 960 எலிகளை வச்சுப் பார்த்தாங்க. தீனியை 40 சதவீதம் குறைச்சதுகதான் அதிக நாள் இருந்துச்சு. ஆனா அதுகள்லயும் எடை கரையாம தாக்குப்பிடிச்சதுகதான் ரொம்ப நாள் வாழ்ந்துச்சு.

எங்கம்மாவுக்கு 68 வயசு, 41 கிலோ. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி எதையும் விடமாட்டாங்க. மணிக்கட்டுல நிக்கிற வளையல் இப்ப முழங்கை வரைக்கும் ஏறுது. பூண்டு உரிக்க உக்காந்தா, எந்திரிக்கக் கையை ஊணுறாங்க. சதை போனா அதுதாண்ணே முதுமை. அதை எந்த ரத்தக் கணக்கு சொல்லும்?

பூம்பாறைக்காரன்:
வளையல் விஷயம் நெஞ்சுல தைக்குதும்மா. அம்மாவுக்குக் கேப்பைக்கூழும் முட்டையும் கொடு, முருகன் கோவிச்சுக்க மாட்டான். ஆனா நான் 78 கிலோ. இந்த ஐப்பசிக்கும் இருக்கத்தான் போறேன்.

வில்பட்டி நர்ஸ்:
இருங்கண்ணே. ஆறு நாளைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை, கையை ஊணாம நாற்காலியிலேருந்து அரை நிமிசத்துல எத்தனை தரம் எந்திரிக்க முடியுதுன்னு எண்ணி இங்க எழுதுங்க.