புதுப்பிப்பு: அமிலாய்டு படிவைச் சுற்றி மைக்ரோகிளியா கூடுவது தற்செயலா?

மூளைத் திசுப் படங்களை வைத்து, அமிலாய்டு என்ற புரதம் திரண்ட படிவுகளைச் சுற்றி மைக்ரோகிளியா (மூளையின் நோய் எதிர்ப்புச் செல்கள்) கூடுவது தற்செயலா என்றுதான் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. தருமபுரியில் அடிக்கடி கரண்ட் போனதில் கணக்கு முடியத் தாமதம்.

புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றனவா என்று அளக்க, புள்ளியியலாளர் ரிப்ளி 1976இல் தந்த கே சார்பின் குறுக்கு வடிவத்தை, அதாவது இருவகைப் புள்ளிகளுக்கு இடையே பார்க்கும் வடிவத்தை, போட்டேன். ஒவ்வொரு படிவையும் சுற்றி வட்டமிட்டு, உள்ளே விழும் செல்களை எண்ணி, படிவு ஒன்றுக்கான சராசரியை செல்களின் சராசரி அடர்த்தியால் வகுப்பது. தொடர்பே இல்லையென்றால் விடை வட்டத்தின் பரப்பளவையொட்டியே இருக்கும். எனக்கு அதிகம் வந்தது.

அதை உடனே நம்பிவிட முடியாது. பெருமூளைப் புறணியில் ஆறு அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு அடர்த்தி மாறும்; இரண்டும் ஒரே அடுக்கில் அதிகம் இருந்தாலே கூடியதுபோலத் தெரியலாம். கிருஷ்ணகிரியில் மாமரங்கள் நெருங்கி நிற்பது தோப்பு என்பதால்தானே, ஒன்றையொன்று இழுத்தா? அதனால் மாறும் அடர்த்திக்கான வடிவத்தை ஸ்பாட்ஸ்டாட்டில் (ஆர் மொழியில் புள்ளிகளின் அமைவை ஆராயும் மென்பொருள் தொகுப்பு) ஓட்டினேன். உபரி பாதியாகக் குறைந்தது. ஆனாலும் படிவுக்கு வெகு அருகில் மட்டும் வரைபடக் கோடு தற்செயல் அளவுக்கு இறங்கவே இல்லை. அப்புறம், படத்தின் விளிம்பைத் தாண்டும் வட்டங்களில் எண்ணிக்கை குறைவதைச் சரிசெய்யும் ஓரத் திருத்தம் போடாமல் யாரும் ஓட்டாதீர்கள்.