சிவப்பு மாறவே இல்லை: ரயில் சிமுலேட்டரில் சிக்னலும் பாயிண்டும் படுத்திய பாடு

மலைரயில்:
ஓகோபா ஸ்டேஷன். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் விளையாட்டில் ஜப்பானின் ஹிசாட்சு மலைப்பாதை ஓட்டியவர்களுக்குப் பெயரே போதும். கீஹா 31 டீசல் வண்டியில் ஹிதோயோஷியிலிருந்து ஏறி பிளாட்ஃபாரத்தில் நின்றாயிற்று. இனிப் பின்னால் போய், முட்டுப்பாதைக்குள் நுழைந்து, மறுபடி முன்னால் ஏற வேண்டும். பாயிண்டைத் (தண்டவாளம் பிரியும் இடம்) திருப்ப ஜி-யை அழுத்தினேன், பத்துத் தடவையாவது இருக்கும். ரிவர்சரைப் பின்பக்கத்துக்கு இழுத்து நகர்ந்து, பின்பக்கக் கேமராவைப் பார்த்தால் ஏறி வந்த அதே தண்டவாளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்! பின்னால் இருக்கிற பாயிண்டுக்கு ஷிஃப்ட்+ஜி என்று அப்போது தெரியாது. 2020 ஜூலை வெள்ளத்தில் அந்த மலைப்பாதையில் நிஜ ரயிலும் நின்றுபோனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த இறக்கம்தான் கண்ணில் நின்றது.

கூட்ஸ்பிரியன்:
எனக்கு அமெரிக்காவின் மரியாஸ் பாஸ் பாதை, ஓப்பன் ரெயில்ஸ் என்கிற இன்னொரு சிமுலேட்டரில். நீளமான சரக்கு வண்டி, எதிர் வண்டியோடு கிராசிங்குக்காக லூப்பில், அதாவது பக்கத்துத் தண்டவாளத்தில், நிற்கிறேன். அந்த வண்டி வரவில்லை, சிக்னலும் மாறவில்லை. டேப் கீயை அடித்து, சிவப்பைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டும் அனுமதி இல்லை. நாற்பது நிமிடம். கடைசியில் 3-ஐ அழுத்தி வண்டியின் வாலைப் பார்த்தேன். கடைசி வேகனின் பின் சக்கரங்கள் பாயிண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. சிக்னலுக்கு இருநூறு மீட்டர் முன்பே நிறுத்திவிட்டேன், வால் மெயின் லைனை அடைத்துக்கொண்டிருந்தது. அவன் எனக்காகக் காத்திருக்கிறான், நான் அவனுக்காக. மெதுவாக முன்னால் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஹெட்லைட் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை இன்னும் மறக்கவில்லை.

நாலாம்கேபின்:
மலைரயில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய விளையாட்டில் சரி. ஓப்பன் ரெயில்ஸில் ஆக்டிவிட்டி (விளையாட்டு தரும் பணி) ஓட்டும்போது ஜி, ஷிஃப்ட்+ஜி இரண்டையும் கண்டபடி அழுத்தக் கூடாது. உங்கள் பாதை முன்பே வகுத்து வைத்தது, கையால் திருப்பி அதிலிருந்து விலகினால் அப்புறம் எல்லாமே குழப்பம்தான். முதலில் எஃப்8 போட்டு முன்னும் பின்னும் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கையால்தான் திருப்ப வேண்டும் என்றால், வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு கன்ட்ரோல்+எம் அழுத்திக் கைமுறைக்கு மாறுங்கள். வேலை முடிந்ததும் பழைய பாதைக்கே வந்து நின்றால்தான் தானியங்கி முறைக்குத் திரும்ப முடியும். இன்னொன்று, வண்டிக்கு அடியில் இருக்கிற பாயிண்ட் திரும்பாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ரூட் (விளையாட்டுக்கான ரயில் பாதை) கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: ஜங்ஷன் சிக்னலைப் பாயிண்டைத் தாண்டி நட்டால் அது எதையும் காக்காது, பாயிண்டுக்கு முன்னால் நடுங்கள்.

என் கதை சின்னது. இங்கிலாந்து ரூட் ஒன்றில் கிளைப்பாதை சிக்னல் சிவப்பாகவே இருந்தது. பயந்து அரை மைல் முன்பே நின்றுவிட்டேன். அந்த ஊரில் சில சிக்னல்கள் வண்டி வேகம் குறைந்து பக்கத்தில் வந்த பிறகுதான் விழும், அதாவது போக அனுமதி தரும். ஊர்ந்து போனேன், விழுந்தது.

கூட்ஸ்பிரியன்:
நான் பாயிண்டைக் கையால் தொடவே இல்லையே. நிறுத்திய இடம்தான் தப்பு.

பாயிண்ட்ஸ்மேன்_மகன்:
சண்டை வேண்டாம், கூட்ஸ்பிரியன் சொன்னதோடு சேர்ந்ததுதான் என்னுடையதும். ஏற்றத்தில் சரக்கு வண்டியை மேல் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, எஞ்சினைக் கழற்றி வண்டியின் மறுமுனைக்குச் சுற்றி எடுத்துவிட்டேன். திரும்ப இறங்கும் பக்கத்து சிக்னல் சிவப்பு. அந்தச் செக்‌ஷனில் வண்டியே கிடையாது. ரூட்டை அழித்து மறுபடி போடலாம் என்று இருந்தேன். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்.வி. போர்டு வந்துச்சாடா?”

புரியவில்லை. கடைசி வேகனின் பின்னால் மாட்டுகிற ‘லாஸ்ட் வெஹிகிள்’ பலகை அது, வண்டி முழுசாக வந்து சேர்ந்ததற்கு அடையாளம். “கடைசி வண்டிய எண்ணிப் பாரு” என்றார். இருபத்திரண்டு இருக்க வேண்டும், இருபதுதான் இருந்தது. ஏற்றத்தில் த்ராட்டிலை வெடுக்கென்று கூட்டியபோது வேகன்களை இணைக்கிற கப்ளிங் அறுந்திருக்கிறது. இரண்டு வேகன் கீழே வளைவில், பிரேக் பிடித்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தன. அந்தச் செக்‌ஷனுக்குள் என்னை விடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தச் சிவப்புதான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இப்ப எப்படிப் போய் எடுப்பே, சொல்லு” என்றார்.