கலைச்சொல்: ‘மியூகாய்ட்’ பாக்டீரியாவுக்குச் ‘சளி’ வேண்டாமே

ஐயா, வணக்கம்.

‘மியூகாய்ட்’ என்பது, மரபணு மாறிப் பிசுபிசுப்பான போர்வையைச் சுரக்கத் தொடங்கிய பாக்டீரியா வகை. அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘சளித்திரிபு’ சொல்ல எளிதுதான். ஆனால் நோயாளியிடம் போனால் அது குழப்பிவிடும். நான் வேலை பார்ப்பது கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில், ஒரு பரிசோதனைக் கூடத்தில். இங்கே வருகிறவர்கள் வீட்டில் தமிழும் டாக்டரிடம் மலையாளமும் பேசுகிறவர்கள். சளி என்றாலும் கபம் என்றாலும் அவர்களுக்கு இருமித் துப்புவதுதான். அது நோயாளியின் உடம்பு சுரப்பது. நாம் பெயர் தேடுவதோ பாக்டீரியா தானே சுரந்து போர்த்திக்கொள்வதற்கு. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

எப்போதோ டி.பி. வந்து குணமாகி, மூச்சுக்குழல் விரிந்துபோனவர்களின் சளியில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா வளர்வதுண்டு. புதிதாகத் தொற்றியது என்றால் வளர்ப்புத் தட்டில் தட்டையாகப் படரும், பச்சை நிறமி விடும், திராட்சை வாசனை அடிக்கும். பல வருடம் உள்ளேயே குடியிருந்தது பல சமயம் வேறு மாதிரி, அதுதான் மியூகாய்ட். காலனிகள் (தட்டில் திட்டுத்திட்டாக வளரும் கூட்டங்கள்) ஈரமாகப் பளபளத்து ஒன்றோடொன்று வழிந்து சேரும். லூப்பால் (கம்பி வளையத்தால்) தொட்டுத் தூக்கினால் நூல் இழுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிறார்களே, அதே இனம்.

பெரும்பாலும் மியூக்-ஏ மரபணு பழுதாவதால் இது வருகிறது. அதன் புரதம்தான் ஆல்ஜினேட் சுரப்புக்குத் தடை. தடை போனதும் சுரந்துகொண்டே இருக்கும். போர்வைக்குள் இருப்பதை வெள்ளணுக்கள் எளிதில் விழுங்க முடியாது. இன்னும் உண்டு: பல திரிபுகள் நீந்தும் கசையிழையை இழந்துவிடும் (நம் உடம்பு கிருமியை அடையாளம் காண்பதே அதை வைத்தும்தான்). லாஸ்-ஆர் என்ற இன்னொரு மரபணு பழுதானால் சில நச்சு நொதிகளும் குறையும். சண்டையைக் குறைத்துக்கொண்டு நிலைத்திருக்கப் பழகுகிறது. அதற்காகக் கிருமி சாதுவாகிவிட்டதாக நினைக்கக் கூடாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோய்) நோயாளிகளிடம், மியூகாய்ட் தலைகாட்டிய பின் நுரையீரல் திறன் வேகமாகக் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை ‘வழும்புத்திரிபு’. மீன் அலசும்போது கையில் வழுக்குமே, அந்த வழும்பு. மாறும் நிகழ்வுக்கு ‘வழும்பேறல்’.

•

அம்மா, வணக்கம்.

‘வழும்பு’ சரி, ‘சளி’யை விட்டுவிடுவோம். ‘திரிபு’தான் இடிக்கிறது. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் இந்த வழும்பு போய்விடுவதும் உண்டே. திரிபு என்றால் நிலைத்தது என்றல்லவா படும்? ‘வழும்புநிலை’ என்று வைத்தால் என்ன?

•

ஐயா,

வழும்பு போனாலும் மியூக்-ஏ பழுது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ஆல்ஜ்-டி போன்ற வேறொரு மரபணுவில் இன்னொரு பிறழ்வு வந்து சுரப்பை நிறுத்துகிறது. பழைய நிலைக்குத் திரும்பியதாகத் தோன்றுவதும் புதிய திரிபுதான். ‘நிலை’ என்றால் தானாக வந்து தானாகப் போவது போல ஆகிவிடும். ‘திரிபு’ என்றே வைத்தால் இதை ‘வழும்பிழந்த திரிபு’ என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் ஒன்று. ரிப்போர்ட்டில் தமிழ்ச்சொல் சேர்த்தாலும் பக்கத்தில் ‘மியூகாய்ட்’ இருக்கட்டும். இங்கே எழுதும் அதே தாளைப் பாலக்காட்டிலும் பார்ப்பார்கள், கோவையிலும் பார்ப்பார்கள்.