கிளிமஞ்சாரோ ஏறி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அஸ்தம்பட்டியிலிருந்து நானும் மச்சானும் ஜனவரியில் தான்சானியாவில் இருக்கிற கிளிமஞ்சாரோ மலை ஏறப் போகிறோம். உயரம் 5,895 மீட்டர், மச்சாமே என்ற பாதை வழியாக. பயிற்சிக்காக 20 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. கிளிமஞ்சாரோவில் சுமை தூக்கும் போர்ட்டருக்கு விதிப்படி உச்ச அளவே அந்த 20 கிலோதான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நமக்கு முன்னால் போய்க் கூடாரமும் போட்டுவிடுகிறார்கள்!

டிப்ஸ் விஷயம்தான் குழப்பம். வழிகாட்டி, சமையல்காரர், போர்ட்டர் ஆளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் கடைசி ஆள் கைக்குப் போய்ச் சேருமா? எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. அப்புறம், டாலரா ஷில்லிங்கா? பழைய ஸ்வெட்டர், ஷூ கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்களா? ஏஜென்சி விளம்பரம் வேண்டாம், போய் வந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.