கார்சியா என்னும் ஸ்பானியக் குடும்பப் பெயர்: மூலம், பொருள், பரவல்

ஏட்டுவரிசை கேட்டது:

எங்கள் வாசகர் வட்டத்தின் சிறு நூலகத்துக்கு ஆசிரியர் பெயர் வரிசையில் அட்டவணை தயாரித்து வருகிறேன். மொழிபெயர்ப்பு நூல்களுக்கு வந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. கொலம்பியாவின் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், ஸ்பெயினின் ஃபெதரிகோ கார்சியா லோர்கா ஆகிய இருவர் பெயரிலும் ‘கார்சியா’ இருக்கிறது; நாமோ ஒருவரை மார்க்கேஸ் என்றும் மற்றவரை லோர்கா என்றும்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். இவர்கள் ஒரே குடியின் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவர்களா? குடும்பச் சின்னங்கள் விற்கும் ஓர் இணையதளம், கார்சியா என்றால் கரடி என்று பொருள் கூறிவிட்டு, அக்குடும்பத்தின் சின்னமாக நாரையைக் காட்டுகிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என விளங்கவில்லை. இப்பெயரின் மூலம் என்ன, இத்தனை பேருக்கு இது எப்படி வந்தது, அட்டவணையில் எந்த எழுத்தின்கீழ் வைப்பது என்பவற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வேர்நாடி மறுமொழி:

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘கார்சியா’ ஸ்பானியச் சொல்லன்று. லத்தீன் வேரிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை. பிரனீஸ் மலைகளின் இருபுறமும் பேசப்படும் பாஸ்கு மொழியே இதன் பிறப்பிடம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பாஸ்கு மொழி உலகின் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்பதால், அதன் பழைய வடிவங்களை மீட்டெடுப்பது கடினமான வேலை. அம்மொழியில் கரடியைக் குறிக்கும் ‘ஹார்ட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். இளையவன் என்று பொருள்படும் ‘காஸ்தேயா’ என்பதன் பழைய வடிவமே இது என்று பாஸ்கு மொழியியலாளர் அல்ஃபோன்சோ இரிகோயென் முன்வைத்தது இன்னொன்று. இடைக்கால லத்தீன் ஆவணங்களில் ‘கார்சேயா’, ‘கார்சியா’ எனப் பதிவாகியிருக்கும் வடிவங்களோடு இளையவன் என்ற விளக்கமே நன்றாக ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. ஆயினும் கரடி விளக்கத்தை ஆதரிப்போரும் இருக்கிறார்கள். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

நாரைக்கும் பெயரின் மூலத்துக்கும் தொடர்பில்லை. ஸ்பானிய மொழியில் நாரையினப் பறவைக்குக் ‘கார்சா’ என்று பெயர். பெயரின் ஒலியை நினைவூட்டும் உருவத்தைக் கேடயத்தில் பொறிப்பது ஐரோப்பியச் சின்னக் கலையில் பரவலாக இருந்த வழக்கம் என்பதால், கார்சியா என்ற பெயருடைய சில குடும்பங்கள் அப்பறவையை எடுத்துக்கொண்டன. சின்னம் அந்தந்தக் குடும்பத்துக்கு வழங்கப்பட்டதே தவிர, பெயருக்கு வழங்கப்பட்டதன்று. ஆகவே கார்சியா என்ற பெயருள்ள எல்லாருக்கும் பொதுவான சின்னம் என ஒன்றை விற்பது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் செயல்.

தென்கரை மறுமொழி:

வேர்நாடி அவர்கள் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் பார்வையில் சொற்பொருளைவிட முக்கியமானது, கார்சியா முதலில் குடும்பப் பெயராகவே இருக்கவில்லை என்பதுதான். அது ஒருவருக்கு இடும் சொந்தப் பெயராக இருந்தது. பம்ப்லோனாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அரசர்களின் வரிசையைப் பாருங்கள். 905 முதல் 925 வரை ஆண்டவர் சாஞ்சோ கார்செஸ், அதாவது கார்சியாவின் மகன் சாஞ்சோ. அவருடைய மகன் கார்சியா சாஞ்செஸ், அதாவது சாஞ்சோவின் மகன் கார்சியா. இவருடைய ஆட்சி 970 வரை நீடித்தது. அவருக்குப் பின் வந்த மகன் மீண்டும் சாஞ்சோ கார்செஸ். அவருடைய மகன் மீண்டும் கார்சியா சாஞ்செஸ். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டு, தந்தை பெயரை முன்னெழுத்தாகச் சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அக்காலத்தில் தந்தை பெயரைக் குறித்த இரண்டாம் சொல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருந்தது.

பெர்னாந்தோவின் வழிவந்தவர் பெர்னாந்தெஸ், ரோத்ரிகோவின் வழிவந்தவர் ரோத்ரிகெஸ், மார்த்தீனின் வழிவந்தவர் மார்த்தீனெஸ் என ‘எஸ்’ ஈற்றில் அமைந்த பெயர்கள் இப்படித்தான் பிறந்தன. கார்சியாவுக்கும் ‘கார்செஸ்’ என்ற வடிவம் உண்டு. இன்றும் அது தனிக் குடும்பப் பெயராக வழங்குகிறது. ஆனால் ஈறு ஏதும் சேர்க்காமல், தந்தையின் பெயரான கார்சியாவை அப்படியே இரண்டாம் சொல்லாக வைக்கும் வழக்கமும் இருந்தது. அந்த வடிவமே கடைசியில் வென்றது. இடைக்காலத்தின் பிற்பகுதியில் தந்தை பெயர் மாறாமல் உறைந்து அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் செல்லத் தொடங்கியபோது, நவார்ரா, காஸ்தீல், லியோன் என எங்கெங்கும் கார்சியாக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்ணற்ற குடும்பங்கள் தனித்தனியே அப்பெயரைப் பெற்றன. எனவே பெயர் ஒன்று என்பதைக் கொண்டு இரத்த உறவு உண்டு என முடிவுசெய்ய முடியாது. மார்க்கேஸையும் லோர்காவையும் உறவினர்களாகக் கருத இப்பெயர் சான்றாகாது.

சொந்தப் பெயராக அது வழங்கியதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. போர்ச்சுக்கலில் பிறந்து 1534இல் கோவாவுக்கு வந்து, இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி உரையாடல் வடிவில் தாம் எழுதிய நூலை 1563இல் அங்கேயே அச்சிட்ட மருத்துவர் கார்சியா ட ஓர்தாவின் பெயரில், கார்சியா என்பது அவருக்கு இட்ட பெயர்தான்.

இன்று ஸ்பெயினில் முதல் குடும்பப் பெயராக இதைக் கொண்டவர்கள் ஏறத்தாழ 14.5 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூவர். அந்நாட்டில் முதலிடம் இதற்குத்தான். தந்தைவழியிலும் தாய்வழியிலும் இதே பெயர் வாய்த்து, கார்சியா கார்சியா என்று எழுதுவோரும் அங்கே அரியவர்கள் அல்லர்.

நெய்தல் மறுமொழி:

ஸ்பெயினுக்கு வெளியே உள்ள நிலையைச் சொல்கிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பெயர் சுமார் 11.66 லட்சம் பேரோடு ஆறாம் இடத்தில் இருந்தது. ஆங்கிலப் பெயர்களான மில்லரும் டேவிஸும் அதற்குப் பின்னால்தான் வந்தன. லத்தீன் அமெரிக்காவிலிருந்து நிகழ்ந்த குடியேற்றமே இதற்கு முதன்மைக் காரணம்.

பிலிப்பைன்ஸின் கதை வேறு. 1849இல் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளவேரியா, வரிவசூலுக்கும் மக்கள் கணக்குக்கும் வசதியாக எல்லாருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என ஆணையிட்டு, அகர வரிசையில் தொகுத்த பெயர்ப் பட்டியலை மாகாணங்களுக்கு அனுப்பினார். சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் மட்டுமே பங்கிடப்பட்டதால், அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள் மிகுந்தன. ஆகவே அங்குள்ள ஒருவருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதால் மட்டும் ஸ்பானிய வழித்தோன்றல் என்று கொள்ள முடியாது. கார்சியாவுக்கும் இது பொருந்தும்.

ஏட்டுவரிசை மீண்டும் கேட்டது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அட்டவணை பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வது சரியா?

தென்கரை மறுமொழி:

ஸ்பானியப் பெயர்களில் அப்படிக் கொள்ளக் கூடாது. அங்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. வழக்கமாகத் தந்தையின் முதல் குடும்பப் பெயர் முன்னும் தாயினுடையது பின்னும் வரும். மார்க்கேஸின் தந்தை காப்ரியேல் எலிஹியோ கார்சியா, தாய் லூயிசா சாந்தியாகா மார்க்கேஸ். லோர்காவின் தந்தை ஃபெதரிகோ கார்சியா ரோத்ரிகெஸ், தாய் விசெந்தா லோர்கா ரொமேரோ. எனவே இருவரையும் ‘கார்சியா மார்க்கேஸ், காப்ரியேல்’, ‘கார்சியா லோர்கா, ஃபெதரிகோ’ என்று ககர வரிசையில் வைப்பதே முறை. மிகப் பரவலான தந்தைவழிப் பெயரால் ஒருவரை அடையாளம் காண்பது கடினம் என்பதால், தனித்துத் தெரியும் தாய்வழிப் பெயரால் அழைக்கும் பழக்கம் ஸ்பெயினிலேயே இருக்கிறது. லோர்கா என்ற வழக்கு அப்படி வந்தது. வாசகர்கள் தேடக்கூடும் என்பதால் மார்க்கேஸ், லோர்கா ஆகிய சொற்களின்கீழும் ‘கார்சியா காண்க’ என்று ஒரு குறிப்பு இடுங்கள்.

எழுத்தாளர் பிற்காலத்தவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் பெயரை முன்னே வைக்கப் பெற்றோருக்கு வாய்ப்பளித்தது. 2017 ஜூன் 30 முதல் தந்தை பெயருக்கு இருந்த தானான முன்னுரிமையே நீங்கிவிட்டது. வரிசையை ஊகிக்காமல் நூலின் பெயர்ப்பக்கத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல் மறுமொழி:

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் இன்றுள்ள முறைப்படி தாயின் பெயர் நடுவில் வரும், தந்தையின் பெயர் இறுதியில் நிற்கும். 1957 முதல் 1961 வரை குடியரசுத் தலைவராக இருந்த கார்லோஸ் பொலிஸ்திகோ கார்சியாவின் பெயரில் பொலிஸ்திகோ என்பது தாயின் பெயர். அந்நாட்டு ஆசிரியர்களுக்கு மட்டும் நீங்கள் கேட்டதுபோலக் கடைசிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்ளலாம்.