மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்பும் செய்பவருக்கு டேப்லெட் மட்டும் போதுமா?

கேள்வி: பொருநைக்கரை

வணக்கம். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவதும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதும் என் தொழில். என்னிடம் இருக்கும் மடிக்கணினி விண்டோஸ் 10இல் ஓடுகிறது. சில்லு பழைய தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளோ 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. ஆகவே புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். மெய்ப்பைப் பேனாவாலேயே திருத்தலாம், பயணத்திலும் வேலை பார்க்கலாம் என்பதால், ஐபேடும் விசைப்பலகையும் வாங்கிக்கொண்டு மடிக்கணினியை அடியோடு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். வேர்டு, பிடிஎஃப், மின்னஞ்சல், இணைய அகராதிகள் ஆகியவைதாம் அன்றாட வேலை. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு செய்வேன். இரண்டையும் ஒருசேர வாங்கக் கையில் பணம் இல்லை. இதே தொழிலில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பக்கம்கட்டி

ஐயா, நான் நூல்களுக்குப் பக்கம் கட்டுபவன். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் கோப்புகளை வாங்கும் இடத்தில் இருப்பதால் அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மெய்ப்புத் திருத்தத்தில் டேப்லெட்டுக்கு ஈடு இல்லை. பிடிஎஃபின் மீதே பேனாவால் சுழித்து ஓரத்தில் எழுதி அனுப்பினால், எந்த இடத்தில் ஒற்று மிக வேண்டும், எந்தச் சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது எனக்கு ஐயமின்றிப் புரிகிறது. மடிக்கணினியில் ஒவ்வோர் ஒற்றுக்கும் ஒரு குறிப்புப் பெட்டியைத் திறந்து மூடுவதைவிட இது உங்களுக்கும் விரைவு.

சிக்கல் வேர்டில் தொடங்குகிறது. டேப்லெட்டில் வரும் வேர்டிலும் அடிக்குறிப்பு உண்டு, திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்ய நாம் எழுதி வைக்கும் சிறு நிரல், இயங்காது. தமிழ்க் கையெழுத்துப் படியைச் சீர்செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘கௌரவம்’ என்பதைப் பலர் ககர எகரத்துக்குப் பின் ளகரத்தை இட்டுக் ‘கெளரவம்’ என்று அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்றால், ‘கெளுத்தி’ என்ற மீனின் பெயரும் சேர்ந்து கெட்டுப்போகும். எந்த எழுத்து பின்னால் வந்தால் மாற்றலாம், எது வந்தால் விட்டுவிட வேண்டும் என்ற விதியை மேக்ரோவில் எழுதி வைத்துக்கொண்டால் 400 பக்கமும் சில நொடிகளில் முடியும். டேப்லெட்டில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்ற வேண்டியதுதான்.

பக்க வடிவமைப்பிலும் கை வைப்பவர் என்றால் டேப்லெட்டை நினைக்கவே வேண்டாம். பக்கம் கட்டப் பயன்படும் இன்டிசைன் மென்பொருளுக்கு ஐபேடு வடிவம் இல்லை. 2022இல் ஐபேடுக்கு வந்த அஃபினிட்டி பப்ளிஷர் 2, மற்ற வகைகளில் நல்ல மென்பொருள்தான். ஆனால் இந்திய எழுத்துகளை முறையாகச் சேர்த்துக் காட்டும் வசதி இல்லாததால், ‘கெ’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதில் தமிழ் நூல் செய்ய முடியாது.

மறுமொழி: சொல்வனத்தாள்

நான் மொழிபெயர்ப்பு மட்டும் செய்கிறேன், ஐபேடு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. மூலநூல் ஒரு பாதியிலும் என் படி மறுபாதியிலுமாக இருக்க, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை உலாவியில் திறந்து வைத்துக்கொள்கிறேன். 2025இல் வந்த ஐபேடுஓஎஸ் 26 முதல் சாளரங்களை வேண்டிய அளவில் வைத்துக்கொள்ள முடிவது பெரிய வசதி.

தட்டச்சு குறித்து ஒரு சொல். தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகை அமைப்புகளும் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே ஆப்பிள் கருவிகளில் உள்ளன. ஆனாலும் எந்த நிறுவனத்தின் டேப்லெட்டாக இருந்தாலும், திரையில் உள்ள அமைப்பு வெளி விசைப்பலகையிலும் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடையிலேயே விசைப்பலகையை இணைத்து ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் ககரத்தில் தானாகப் புள்ளி விழுகிறதா, ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்றவற்றிலும் அது நடக்கிறதா என்பதே சோதனை. இது வராவிட்டால் தமிழ்99 பழகிய விரல்கள் தடுமாறிப்போகும்.

மறுமொழி: வடமராட்சி வாசகன்

முதல் மறுமொழியில் விட்டுப்போன ஒன்றை நான் சேர்க்க வேண்டும். இங்கே இலங்கையில் அச்சகங்களிலிருந்தும் மூத்த எழுத்தாளர்களிடமிருந்தும் இன்னமும் பாமினி எழுத்துருவில் கோப்புகள் வருகின்றன. தமிழகத்திலும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஏராளமான நூல்கள் கிடக்கின்றன. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளியே இடம். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும்.

இன்றைய கருவிகள் எல்லாம் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் டேப்லெட்டிலும் இயங்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வெட்டி ஒட்டும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக மாற்றிச் சிதைத்துவிடும். மடிக்கணினியில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, பாமினியில் உள்ள பகுதியை மட்டும் மாற்றும்படி மேக்ரோ எழுதலாம். ஆகவே டேப்லெட் போதுமா என்பதை உங்கள் பழக்கத்தைவிட உங்களுக்குக் கோப்பு அனுப்புபவர்களின் பழக்கமே தீர்மானிக்கிறது. நீங்களே தொடங்கி நீங்களே முடிக்கும் எழுத்துக்கு டேப்லெட் தாராளமாகப் போதும். பிறர் கோப்பைச் சீர்செய்து கொடுப்பது தொழில் என்றால் போதாது.

பொருநைக்கரை

மூவருக்கும் நன்றி. எனக்கு வருபவற்றில் ஏறக்குறைய பாதி மறுபதிப்புக்கான பழைய நூல்கள், அவை பெரும்பாலும் பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. அப்படியானால் மடிக்கணினியை விட முடியாது போலிருக்கிறது. ஆனால் பேனாவால் மெய்ப்புத் திருத்தும் ஆசையும் விடவில்லை. செலவைக் குறைக்க வழியுண்டா?

மறுமொழி: பக்கம்கட்டி

உண்டு, ஐயா. முதலில் ஐபேடின் முழுக் கணக்கைப் பாருங்கள். அடிப்படை மாதிரி 2025 மார்ச்சில் இந்தியாவில் 34,900 ரூபாய்க்கு வந்தது. அப்போது ஆப்பிளின் சொந்த விசைப்பலகை 24,900, விலை குறைந்த பேனா 7,900. மொத்தம் 67,700 ரூபாய். திரை 10.1 அங்குலத்தைவிடப் பெரியது என்பதால் வேர்டில் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவும் கட்ட வேண்டும்.

மெய்ப்புக்கு மட்டும் என்றால் விசைப்பலகையே தேவையில்லை. சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்றவற்றில் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது, பிடிஎஃபில் எழுத அது போதும். அந்த டேப்லெட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இப்போது, புதுப்பித்து விற்கப்படும் அலுவலக மடிக்கணினி ஒன்றைப் பாருங்கள். இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், அதற்கு முந்தியவற்றுக்கு விண்டோஸ் 11இன் முறையான ஆதரவு பெரும்பாலும் கிடையாது. நினைவகம் 8 ஜிபிக்குக் குறையாமல், எஸ்எஸ்டி வட்டுடன் கேளுங்கள். வாங்கி வந்ததும் உங்கள் பாமினி கோப்பு ஒன்றை அனுப்புங்கள், மாற்றும் மேக்ரோவை நானே எழுதித் தருகிறேன்.